தாங்க வந்த ஆள்

மனிதனைப் போல மோசமான சாமான் உலகத்தில் கிடையாது என்பது அவன் தீர்ப்பு. பீரோவுக்கு விளிம்பு உண்டு, ஃபிரிட்ஜுக்கு அடிப்பாகம் உண்டு, பியானோவுக்குக்கூட இன்ன இடத்தில் கை கொடுக்கலாம் என்று ஒரு நியாயம் உண்டு. மனிதனுக்குப் பிடியே கிடையாது. எங்கே பிடித்தாலும் நழுவுவான், பாதிப் படியில் மனசு மாறுவான், போதாக்குறைக்கு வலிக்கிறது என்று வேறு சொல்வான். வீடு மாற்றிக் கொடுக்கும் கம்பெனியில் இருபத்திரண்டு வருஷம் அடுத்தவர் சாமானைச் சுமந்தவன் சொல்வதால் இதை மறுத்துப் பேச ஆளில்லை.

ஆளைப் பார்த்தால் நம்ப முடியாது. ஒல்லி உடம்பு, குச்சிக் கால். லாரியிலிருந்து அவன் இறங்கினால், வீட்டுக்காரர்கள் அவன் தலைக்கு மேலே எட்டிப் பார்த்து, தூக்குகிற ஆள் எப்போது வருவார் என்று கேட்பார்கள். சுமை தூக்குவது தோளில் இல்லை, முழங்காலிலும் மூளையிலும் இருக்கிறது என்பான் அவன். சபையில் அவனுக்குத் 'தாங்கி' என்று பெயர். மரியாதைக்கு வைத்த பெயர் என்று நினைத்துவிட வேண்டாம், வயிறு வலிக்கச் சிரித்துவிட்டு வைத்த பெயர். அன்று சிரித்தவர்களில் பாதிப் பேர் இன்று அதைப் பட்டம் என்று சாதிக்கிறார்கள்.

மழைக்குக்கூட ஆலயத்துப் பக்கம் ஒதுங்காதவனாக நாற்பத்து மூன்று வயது வரை இருந்தான். பிறகு கல்யாணம் ஆனது. மனைவி சலவைக் கடையில் இஸ்திரி போடுகிறவள், பிறந்ததிலிருந்தே அந்தச் சபைக்காரி. அவளோடு துணைக்குப் போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து மின்விசிறிக் காற்றில் தூங்கிக்கொண்டிருந்தவனை ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கம் எழுப்பிவிட்டது. படுத்த படுக்கையான ஒருவனை நாலு பேர் கட்டிலோடு தூக்கிப்போய், கூட்டம் வழி விடாததால் கூரை ஏறி, ஓட்டைப் பிரித்து உள்ளே இறக்கினார்கள் என்று போதகர் சொன்னார். எல்லாரும் அந்த நோயாளி எழுந்து நடந்ததைக் கேட்டுக் கண்ணைத் துடைத்தார்கள். இவனுக்கு அந்த நாலு பேர் மேல்தான் கண். படி எத்தனை அடி அகலம், திருப்பத்தில் கட்டிலை எப்படிச் சாய்த்தார்கள், மேலே நின்று கயிறு விட்டவன் யார் என்று பிறகு போதகரிடமே போய்க் கேட்டான். போதகர் சிரித்து அவன் முதுகில் தட்டினார். அந்த நாலு பேரைப் பிடித்துப்போய்த்தான் அவன் ஞானஸ்நானம் எடுத்தான் என்பதை யாரும் அவரிடம் சொல்லவில்லை.

ஆனால் சபைக்கென்று ஒரு பாஷை இருப்பது அவனுக்குத் தெரியாது. அங்கே பாரம் என்றால் கிலோ கிடையாது. வாசல் திறந்தது என்றால் கதவைத் திரும்பிப் பார்க்கக் கூடாது. அவன் மனைவி இந்தப் பாஷையில் பிறந்து வளர்ந்தவள், சொல்லிக் கொடுத்திருக்கலாம். அவளோ ஜெபக் குறிப்புகள் வாசிக்கிற நேரம் வந்தால் கைப்பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவாள். ஏன் என்று அவன் கேட்டதில்லை. அவன் மட்டும் உட்கார்ந்திருப்பான், குறிப்புகள் முடிந்ததும் தேநீர் தருவார்கள் என்பதால்.

குறிப்புகளை வாசிப்பவர், பெரிய அலுவலகம் ஒன்றில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்ற அம்மாள். சபையில் எல்லாருக்கும் அவர் குறிப்பம்மா. நல்ல குரல். யாருக்கு எந்த உறுப்பில் என்ன கோளாறு என்று அவர் வாசித்தால், வியாதிக்கே ஒரு கௌரவம் வந்துவிடும். நோட்டில் வியாதி சிவப்பு மை, பெயர் நீல மை. கடுமையான நோயாளிக்குத் தனியாக ஒரு பட்டியல், அடிக்கோல் வைத்துக் கோடு போட்டது. காலை ஆறு முதல் மாலை ஆறு வரை அரை மணிக்கு ஒரு கட்டம், கட்டத்துக்கு ஒரு பெயர். அந்தந்த அரை மணியில் அந்தந்த ஆள் அந்த நோயாளியை ஜெபத்தில் தாங்க வேண்டும். சபைப் பாஷையில் அதற்கு, அவரவர் வீட்டில் முழங்காலில் நின்று அந்த நோயாளிக்காக ஜெபிப்பது என்று அர்த்தம். நாற்காலியில் உட்கார்ந்தும் செய்யலாம் என்று பின்னால் ஒரு சலுகை வந்தது.

"டைப்பிங் சாரை எட்டு மாசமா தாங்கிட்டு வர்றோம்," என்றார் குறிப்பம்மா அந்த ஞாயிற்றுக்கிழமை. "இருபத்து மூணு கட்டம் நிரம்பியிருக்கு. காலைல ஆறு மணிக்குத் தாங்கத்தான் இன்னும் ஆள் கிடைக்கல."

சபை தன் செருப்பைப் பார்த்தது. ஆறு மணித் தூக்கத்தை விடுவது லேசான தியாகமா. அவன் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுக் கையைத் தூக்கினான். ஒன்பது மணிக்குத்தான் லாரி ஏற வேண்டும், ஆறு தனக்கு வசதி என்றான். ஜெபத்தில் தாங்குவது என்பதை ஜெபக் குழு சார்பில் தாங்குவது என்று அவன் எடுத்துக்கொண்டான். கம்பெனி சார்பில் பீரோ தூக்குகிறவனுக்கு அப்படித்தானே தோன்றும்? ஒரே ஒரு சந்தேகம் கேட்டான், எத்தனையாவது மாடி என்று. சில பேர் வீட்டை மனக்கண்ணில் பார்த்தால்தான் உருகி ஜெபிப்பார்கள் என்பது குறிப்பம்மாவுக்குப் பழக்கம். மூன்றாவது மாடி, லிஃப்ட் இல்லை, பாவம் என்று விலாசத்தையும் சேர்த்துச் சொல்லிவிட்டு, காலியாக இருந்த கட்டத்தில் அவன் பெயரை எழுதினார்.

வீட்டுக்கு வந்து, நாளைக்குக் காலையில் ஒருவரைத் தாங்கப் போகிறேன் என்றான். இஸ்திரி மேஜையில் இருந்த மனைவிக்குச் சங்கதி உடனே புரிந்துவிட்டது. யாரை என்று கேட்கக்கூடத் தோன்றவில்லை. சிரித்து முடித்துவிட்டு, தாராளமாகப் போய் வாருங்கள், தூக்குப்பட்டையையும் மறக்காமல் எடுத்துப்போங்கள் என்றாள். தூக்குப்பட்டை என்பது பெரிய சாமானுக்கு அடியில் கொடுத்துத் தோளில் மாட்டிக்கொள்ளும் அகலமான நாடா. அவள் கிண்டலாகச் சொன்னதை அவன் நல்ல யோசனை என்று எடுத்துக்கொண்டான்.

மறுநாள் சரியாக ஆறு மணிக்கு மூன்றாவது மாடியில் கதவைத் தட்டினான். டைப்பிங் சாரின் மனைவி திறந்தார். அறுபத்தைந்து வயது, தோளில் ஈரத்துண்டு, ஒரு கை இடுப்பில். தோளில் பட்டையோடு விடியற்காலையில் நின்ற ஆளைப் பார்த்து, கீழ் வீட்டில் யாரோ காலி செய்கிறார்கள் போல என்று நினைத்துவிட்டார்.

"சாரைத் தாங்க வந்திருக்கேன்மா. ஆறு மணிப் பேரு என்னோடது."

"அதுக்கு எதுக்குப்பா இவ்வளவு தூரம் ஏறி வந்தே? உங்க வீட்டிலிருந்தே தாங்கலாமே."

"வீட்டிலிருந்து எப்படிம்மா தாங்குறது? அவர் இங்க இல்ல இருக்காரு."

அந்த அம்மா கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். வெகு நாளைக்குப் பிறகு சிரித்ததால் அது நடுவில் எங்கேயோ வழி தவறி அழுகையில் போய் முடிந்தது. எதற்கு அழுகிறார் என்று புரியாமல் அவன், ஒருவேளை தப்பான மாடிக்கு வந்துவிட்டோமோ என்று கதவு எண்ணைச் சரிபார்த்தான்.

உள்ளே ஜன்னலோரம் கட்டில். ரப்பர் விரிப்பு, அதன்மேல் துணி விரிப்பு, ஸ்டூலில் பேசின். மருந்துப் பாட்டில்களில் வேளை வாரியாகச் சீட்டு ஒட்டியிருந்தது. அலமாரி நிறைய வாழ்த்து அட்டைகள், எல்லாவற்றிலும் 'உங்களைத் தாங்குகிறோம்' என்று இருந்தது. டைப்பிங் சார் முப்பது வருஷம் தட்டச்சுப் பள்ளி நடத்தியவர், குறிப்பம்மாவுக்கு முன்னால் சபையின் ஜெபக் குறிப்பு நோட்டு அவர் கையில்தான் இருந்தது. ஒரு பக்கம் விழுந்துபோய் எட்டு மாசம். வலது கையும் காலும் கணக்கில் இல்லை. நாக்கு பாதி வார்த்தையை விழுங்கிவிடும். நல்ல உயரம், நல்ல எடை, நம் ஆள் ஒரு பார்வையில் எண்பது கிலோ என்று மதிப்புப் போட்டான்.

அந்த எண்பது கிலோவை அந்தச் சின்ன அம்மாள் எட்டு மாசமாக எப்படி நகர்த்தினார் என்பதை அன்றுதான் பார்த்தான். விரிப்பின் முனையைக் கையில் சுற்றிக்கொண்டு, காலைக் கட்டிலில் உதைத்து, இழுத்தார். சாரின் முகம் சுளித்தது. இடுப்புக்கு மேலே உள்ளங்கை அகலத்துக்குப் படுக்கைப்புண், ஒவ்வொரு இழுப்புக்கும் கொஞ்சம் கொஞ்சமாக உரிந்துகொண்டிருந்தது.

"இழுக்காதீங்கம்மா," என்றான் அவன். "இழுத்தா கீறிடும். தூக்கித்தான் வைக்கணும்."

தொழிலில் சேர்ந்த முதல் நாள், அடுத்தவர் வீட்டுத் தரையைக் காட்டி அவனுக்குச் சொன்ன பாடம் அது. பட்டையை மடித்து சாரின் தொடைக்கு அடியில் கொடுத்தான், முதுகுக்கு அடியில் தன் கையைக் கொடுத்தான், அந்த அம்மாளைக் கால் பக்கம் நிறுத்தி மூன்று எண்ணினான். சார் விரிப்பில் உரசாமல் மேலே வந்தார். நாற்காலியில் உட்கார வைத்து, கழுவி, புண்ணுக்கு மருந்து போட்டு, விரிப்பை மாற்றி, மறுபடி தூக்கிப் படுக்க வைத்தார்கள். சார் ஏதோ சொன்னார். எட்டு மாசத்தில் இன்றைக்குத்தான் முதுகில் காற்றுப் படுகிறதாம் என்று அந்த அம்மா எடுத்துச் சொன்னார்.

தினமும் போனான். விஷயம் அடுத்த ஞாயிற்றுக்கிழமை சபைக்குத் தெரிந்து, தேநீர் நேரம் முழுவதும் ஒரே சிரிப்பு. தாங்குவது என்றால் தூக்குவது என்று நினைத்துக்கொண்டாராம் பிரதர். தாங்கி என்ற பெயர் அன்றைக்கே ஒட்டிக்கொண்டது. போதகர் அதற்கடுத்த வாரம், நோயாளி யார் என்று பெயர் சொல்லாமல், அதையே பிரசங்கமாக்கினார், உருக்கமாகத்தான் பேசினார். சபை உருகி, தாங்குகிறவர்களுக்கென்று புதிதாக ஒரு ஊழியம் தொடங்கத் தீர்மானம் போட்டது. அதற்கு என்ன பெயர் வைப்பது என்று மூன்று கூட்டம் நடந்தது. சட்டையில் குத்திக்கொள்ளும் அட்டை எந்த நிறத்தில் இருக்க வேண்டும் என்று நாலாவது கூட்டம். மூன்றாவது மாடிக்கு ஏறியது மட்டும் பழைய ஆள்தான்.

அப்போதுதான் நர்ஸ் வந்து கெடு வைத்தாள். வெள்ளிக்கிழமைதோறும் வீட்டுக்கு வந்து புண்ணை அளந்து எழுதுகிறவள், நல்லவள்தான், ஆனால் அவள் கையில் இருந்தது அளவு நாடா. காலை வேளை சரியாக இருக்கிறது, சாயங்காலம் இந்த அம்மா தனியாக இழுப்பதில் எல்லாம் பாழாகிறது என்றாள். ஒரு மாசத்துக்குள் புண் சுருங்காவிட்டால் சாரைப் பராமரிப்பு இல்லத்துக்கு அனுப்பச் சொல்லி எழுதிக் கொடுப்பதைத் தவிர தனக்கு வேறு வழி இல்லை என்றாள். இல்லம் ஊருக்கு வெளியே. பார்க்க வாரத்துக்கு இரண்டு மணி நேரம் விடுவார்கள். நாற்பத்தோரு வருஷம் ஒரே அறையில் தூங்கிய இரண்டு பேர் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். சார் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பினார். நர்ஸ் போன பிறகு அந்த அம்மா கட்டிலுக்கு அடியிலிருந்து பெட்டியை இழுத்துத் தூசி தட்டுவதை நம் ஆள் பார்த்தான். இருபத்திரண்டு வருஷத்தில் எத்தனையோ பெட்டி தூக்கியிருக்கிறான், அதைத் தூக்க அவனுக்கு மனசு வராது.

தேவை ஒரே ஒரு ஆள், சாயங்காலம் ஆறு மணிக்கு, அரை மணி நேரம். அவனுடைய லாரி திரும்பி வர இரவு ஒன்பது ஆகும். முதலாளியைக் கேட்டுப் பார்த்தான், ஆறு மணிக்குப் போகிற ஆள் மறுநாள் ஒன்பது மணிக்கும் வர வேண்டாம் என்று பதில் வந்தது. சரி, சபையில்தான் இருபத்து மூன்று பேர் எழுதிக் கொடுத்திருக்கிறார்களே, ஆளுக்குப் பஞ்சமா என்று பட்டியலைக் கையில் எடுத்துக்கொண்டு கிளம்பினான். அவனுடைய வெகுளித்தனத்துக்கு அது கடைசி வாரம்.

ஒருவருக்கு மூட்டு வலி. மூட்டு வலியோடு அவர் போன மாசம் மலையேறிவிட்டு வந்த படம் வரவேற்பறையில் மாட்டியிருந்தது. இன்னொருவருக்கு மருந்து வாசனை ஆகாது. ஒரு அம்மா, தனக்கு ஆசை இருக்கிறது, வீட்டுக்காரர் விடமாட்டார் என்றார். வீட்டுக்காரர் பக்கத்து அறையிலிருந்து, நான் எப்போது விடமாட்டேன் என்றேன் என்று கேட்டார். ஒரு இளம் தம்பதி, நிலைமையை நினைத்தாலே இரவில் தூக்கம் வரவில்லை என்றார்கள். தூங்காமல் என்ன செய்கிறார்கள் என்று கேட்கத் தோன்றியது, கேட்கவில்லை. எல்லாருக்கும் மேலே பாடகர் குழுவின் தலைவர். சாமர்த்தியசாலி, கழுவுகிற மீனில் நழுவுகிற மீன்.

"ஆளுக்கொரு வரம் பிரதர்," என்றார் அவர். "உங்களுக்குத் தூக்குற வரம். எனக்கு ஜெப வரம். என் வரத்தை விட்டுட்டு உங்க வரத்துல நான் கை வைக்கலாமா?"

வாய்ப்பந்தல் போடுவதும் ஒரு வரம்தான் போல என்று நினைத்துக்கொண்டு, கடைசியாகக் குறிப்பம்மா வீட்டுக்குப் போனான். அவர் கவனமாகக் கேட்டார். நடுநடுவே கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எல்லாம் கேட்டு முடித்துவிட்டு நோட்டைத் திறந்தார். அவனுக்கு நம்பிக்கை வந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை அவருடைய நல்ல குரலில் ஒரு புதுக் குறிப்பு வாசிக்கப்பட்டது. மாலை ஆறு மணிக்கு டைப்பிங் சாரைத் தூக்க ஒரு ஆள் கிடைக்க வேண்டும் என்று சபையார் பாரத்தோடு ஜெபிக்க வேண்டும்.

நூற்றிருபது பேர் கண்ணை மூடி, ஆள் வர வேண்டும் என்று கேட்டார்கள். கண்ணைத் திறந்து வைத்திருந்தவன் அவன் ஒருவன்தான். அன்றைக்குத் தேநீர் குடிக்காமல் வந்துவிட்டான்.

வீட்டில் வந்து குமுறினான். இத்தனை நாளும் மனைவியிடம், ஒரு பெரியவரை, மூன்றாவது மாடியில், என்று மட்டும்தான் சொல்லியிருந்தான். அவளும் சலவைக் கடைக்கு விடியுமுன் போகிறவள், துருவிக் கேட்டதில்லை. அன்று குறிப்பம்மா வாசித்ததைச் சொல்லும்போது டைப்பிங் சார் என்ற பெயர் வந்தது. அவள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

"அவரையா இத்தனை நாளா தூக்கிட்டு வர்றீங்க?"

பிறகு அவள் சொன்னாள். அவன் அவளைப் பார்ப்பதற்கு ஐந்து வருஷத்துக்கு முன்னால் அவள் அம்மா படுத்த படுக்கையாகிப் பதினாலு மாசம் கிடந்தாள். வீட்டில் வேறு ஆள் கிடையாது, இவள் ஒருத்திதான் இழுத்தாள். அப்போது நோட்டு டைப்பிங் சாரிடம். வாரம் தவறாமல் அம்மாவின் பெயரை வாசிப்பார், வயது தப்பாது, படுத்த நாள் கணக்குத் தப்பாது. ஒரு நாள் தெருவில் அவரை நிறுத்தி, செவ்வாய்க்கிழமை குளிப்பாட்டும்போது காலைப் பிடித்துக்கொள்ள யாராவது ஒருவர் வந்தால் நன்றாயிருக்கும் என்று கேட்டிருக்கிறாள். கேட்பதற்கு முன்னால் இரண்டு நாள் யோசித்துவிட்டுத்தான் கேட்டாள்.

"நோட்டை எடுத்து எழுதிக்கிட்டார்," என்றாள். "நான் வீடு கூட்டி, தண்ணி சுட வச்சுக் காத்திருந்தேன். ஞாயித்துக்கிழமை வாசிச்சார். செவ்வாய்க்கிழமை காலைப் பிடிக்க ஆள் கிடைக்க ஜெபிப்போம்னு."

அம்மா புண்ணில்தான் போனாள். அடக்கத்தன்று சார் பேசும்போது, சகோதரியைக் கடைசி மூச்சு வரை தாங்கினோம் என்றார். அதிலிருந்துதான் அவள் குறிப்புகள் வாசிக்கும்போது எழுந்து போய்விடுகிறாள். சபையை விட்டே போயிருக்கலாமே என்று அவன் கேட்டதற்கு, சபை என்ன அவர் அப்பன் வீட்டுச் சொத்தா என்றாள். சாயங்காலத்துக்கு நீ வருகிறாயா என்று ஒரு வார்த்தை அவன் தொண்டை வரை வந்திருந்தது. அதை அப்படியே விழுங்கிவிட்டான்.

மறுநாள் ஆறு மணிக்குப் போனான். போகாமல் இருக்க முடியவில்லை, போனதும் பிடிக்கவில்லை. தூக்கும்போது அன்றைக்கு எண்பது கிலோ நூறாகத் தெரிந்தது. படுக்க வைத்துவிட்டு, தான் இன்னார் மகளைக் கட்டியவன் என்று சாரிடம் சொல்லிவிட்டான். குத்த வேண்டும் என்றுதான் சொன்னான், மறைப்பானேன். அவருக்கு நினைவிருந்தது. செவ்வாய்க்கிழமை என்ற வார்த்தையை இரண்டு முறை சொல்லிப் பார்த்தார், இரண்டு முறையும் நாக்கு ஒத்துழைக்கவில்லை.

"எழுதினேன்ப்பா," என்றார் கடைசியில், வாயின் ஒரு பக்கத்தால். "அழகா எழுதினேன்."

அந்தப் பெண்ணை மட்டும் இங்கே வரச் சொல்லிக் கேட்டுவிடாதே, நான் இல்லத்துக்கே போய்க்கொள்கிறேன் என்றும் சொன்னார். அடுத்த அறையில் அவர் மனைவி பேசினைக் கழுவுகிற சத்தம் நின்றது.

அந்த வெள்ளிக்கிழமை நர்ஸ் அளந்தபோது புண் அரை விரல்கடை பெரிதாகியிருந்தது. கெடுவில் இன்னும் இரண்டு வாரம்தான் பாக்கி. இரவு சாப்பிடும்போது அவன் மனைவியிடம் அந்த அளவைச் சொன்னான். அழகாக எழுதினேன் என்று சார் சொன்னதையும், அவளைக் கூப்பிடாதே என்றதையும் சொன்னான். தட்டைக் கழுவி வைத்துவிட்டு வந்த பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டாள். அந்தம்மா இழுக்கும்போது எந்தப் பக்கம் நின்று இழுக்கிறார்கள்?

தலைமாட்டிலிருந்து என்றான். அப்படியானால் அந்தம்மாவின் இடுப்பு இந்நேரம் போயிருக்கும் என்றாள். தன் இடுப்பை ஒரு கையால் பிடித்துக்கொண்டுதான் அதைச் சொன்னாள்.

முடிவை இப்போதே சொல்லிவிடலாம், யாரும் நகத்தைக் கடிக்க வேண்டியதில்லை. டைப்பிங் சார் இல்லத்துக்குப் போகவில்லை. கெடு முடிந்த வெள்ளிக்கிழமை நர்ஸ் நாடாவை இரண்டு முறை வைத்துப் பார்த்துவிட்டு, எழுத எடுத்த காகிதத்தைப் பையிலேயே வைத்துக்கொண்டாள். சபையில் அதற்கு ஸ்தோத்திரப் பாட்டுப் பாடினார்கள். குறிப்பம்மா பட்டியலில் அந்தக் குறிப்புக்கு நேரே பச்சை மையில் 'பதில் கிடைத்தது' என்று எழுதினார். பெயர் முடிவாகாத ஊழியம் பெயர் முடிவாகாமலே சாதித்த முதல் வெற்றி அது. யார் தூக்கியது என்று ஒருவரும் கேட்கவில்லை, கேட்டால் அடுத்த ஆளுக்கு நம்மைக் கூப்பிட்டுவிடுவார்கள் என்ற பயம் காரணமாக இருக்கலாம்.

அவனுக்கே அது தற்செயலாகத்தான் தெரிந்தது. நர்ஸ் அரை விரல்கடை சொன்னதற்கு மறு செவ்வாயோ புதனோ, லாரி பாதி வழியில் படுத்துவிட்டது. மெக்கானிக் நாளைக்குத்தான் என்று கையை விரித்ததும், அவன் ஒரு சோபாவையும் இரண்டு பீரோவையும் நடுத்தெருவில் முதலாளி பொறுப்பில் விட்டுவிட்டு பஸ் பிடித்தான். இன்றைக்கு ஒரு நாளாவது அந்த அம்மாள் இழுக்க வேண்டாமே என்று மூன்று மாடியும் மூச்சு வாங்க ஏறினான். மணி ஆறேகால். கதவு சும்மா சாத்தியிருந்தது. வாசலில் ஒரு ஜோடி செருப்பு கிடந்தது, வார் அறுந்து வேறு நிற நூலில் தைத்த செருப்பு. தைத்தது அவன்தான்.

அறை வாசலில் நின்றுவிட்டான். டைப்பிங் சாரின் மனைவி கால் பக்கம் நின்றிருந்தார். இவன் மனைவி கட்டிலில் ஒரு முழங்காலை ஊன்றி, சாரின் முதுகுக்கு அடியில் கையைக் கொடுத்திருந்தாள். பட்டை எதுவும் இல்லை, சலவைக் கடையின் தடித்த விரிப்பு ஒன்றை நாலாக மடித்து அடியில் விட்டிருந்தாள். அது இன்றைக்கு முதல் நாள் வேலை இல்லை என்பது தொழில்காரன் கண்ணுக்குத் தெரிந்தது. சார் அவளைப் பார்க்க முடியாமல் கண்ணை இறுக மூடியிருந்தார், உதடு மட்டும் என்னவோ முணுமுணுத்துக்கொண்டிருந்தது. மூடிய கண்ணிலிருந்து காதுப் பக்கமாகத் தண்ணீர் வழிந்தது.

அவள் திரும்பிப் பார்க்காமலே, அங்கே நின்று வேடிக்கை பார்க்காமல் அந்தம்மாவைக் கொஞ்சம் உட்காரச் சொல்லிவிட்டுக் கால் பக்கம் வாருங்கள் என்றாள். அவன் போய் நின்றான். அவள் சாரின் முகத்துக்கு நேரே குனிந்தாள்.

"சார், ஜெபத்தை அப்புறம் பாத்துக்கலாம். உங்க மேல இருக்கிற கோபம் எனக்கு இன்னும் போகல. அது போற வரைக்கும் இந்தப் புண்ணு காத்திருக்காது. கழுத்தைக் கெட்டியா பிடிங்க."

சார் உதட்டை மூடினார். விழாத பக்கத்துக் கையைத் தூக்கி, அவள் கழுத்தைச் சுற்றிப் பிடித்துக்கொண்டார்.